வீட்டுக் கணக்கு: அயல்நாட்டு ரயிலில் கைக்காசு கரையாமலிருக்க

சகோதரிகளே, இந்தப் பகுதியில் மளிகைக் கணக்கு, பால் கணக்கு, கல்யாணச் செலவுக் கணக்கு என்று எத்தனையோ பேசியாயிற்று. இந்தத் தடவை ரயில் டிக்கெட் கணக்கு. அதுவும் அயல்நாட்டு ரயில்! "தாராசுரத்தில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு என்ன அயல்நாட்டுப் பேச்சு?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் தெருவிலேயே ஜெர்மனியில் ஒரு பிள்ளை, சிங்கப்பூரில் ஒரு மகள், லண்டனில் ஒரு மருமகன் இருக்கிறார்கள். பிரசவம் என்றால் போதும், பாட்டிமார்களும் பெரியம்மாமார்களும் பாஸ்போர்ட்டும் பருப்புப் பொடியுமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

விமான டிக்கெட்டைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே போய் இறங்கின பிறகுதான் சங்கடம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரயிலுக்கு என்ன ஆகும் என்று கேட்டு, அதை மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தால் பகீரென்கிறது. "வேண்டாம்மா, நான் வீட்டிலேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று மாதமும் நாலு சுவரையே பார்த்துக்கொண்டிருந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனை வாங்கினவர்கள் அங்குசத்துக்கு யோசிக்கிற கதைதான் இது. ஆனால் அங்குசத்தையும் விலை விசாரித்து வாங்க வேண்டுமே! அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2025-ஆம் வருஷம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். அவளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவளுக்கு ஏழு வயது. தங்கை மாப்பிள்ளை நல்ல மாதிரி. ஆனால் ஆபீசும் ஆஸ்பத்திரியும் வீடுமாக ஓடுகிறவரிடம், "என்னை அங்கே கூட்டிப் போங்க, இங்கே கூட்டிப் போங்க" என்று கேட்க முடியுமா? நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த எனக்கு வசப்பட்டது உங்களுக்கும் வசப்படும்.

நமக்கு ஒன்றும் புதிதில்லை

ரயில் டிக்கெட் எடுத்து அயல்நாடு போவது நம் பக்கத்துக்குப் பழைய பழக்கம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கிவிடலாமாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி இலங்கை ரயில். 'போட் மெயில்' என்று பெயர். என் மாமியாரின் அப்பா பட்டுப் புடவை மூட்டையோடு அதில் போய் வந்ததாக மாமியார் இன்றும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் தண்டவாளமும் போயின. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றுபோயிற்று.

அந்தக் காலத்தில் டிக்கெட் கணக்கு சுலபம். எத்தனை மைல், எந்த வகுப்பு, இவ்வளவு பணம். இப்போது பல நாடுகளில் அப்படி இல்லை. அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

காலையிலே மலிவு, சாயங்காலம் கிராக்கி

நம் ஊரில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் போக, அறுபது நாள் முன்னால் எடுத்தாலும் முதல் வாரம் எடுத்தாலும் ஒரே கட்டணம்தான். தட்கலில் மட்டும் கூடுதல். ராஜதானி, சதாப்தி போன்ற சில வண்டிகளில் 2016 முதல் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறுகிறது. மற்றபடி நமக்குக் கவலை 'இடம் கிடைக்குமா' என்பதே தவிர, 'விலை ஏறிவிடுமா' என்பதல்ல.

ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து போன்ற நாடுகளின் தொலைதூர ரயில்களில் விஷயமே தலைகீழ். எங்கள் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் பொழுது சாயச் சாயக் கத்தரிக்காய் விலை இறங்கும். அங்கே பயண நாள் நெருங்க நெருங்க டிக்கெட் விலை ஏறும். கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருந்தால் கதை கந்தல்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் விலை அதிகம். செவ்வாய், புதன் நடுப்பகல் வண்டிகளில் குறைவு. ஆபீஸ் போகாத நமக்கு இது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! எல்லாருக்கும் வேண்டாத நேரம்தான் நமக்கு ஒத்துவரும் நேரம்.

ஜெர்மனியில் தொலைதூர வண்டிக்கு மூன்று மாதிரி டிக்கெட் உண்டு. முதலாவது முழு விலை; அந்த நாளில் எந்த வண்டியிலும் ஏறலாம். இரண்டாவது சிக்கன விலை; குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும், ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதி தருவார்கள். மூன்றாவது அதைவிடச் சிக்கனம். ரத்தே கிடையாது, போகவில்லை என்றால் பணம் போனதுதான். பல மாதம் முன்பிருந்தே இவற்றை விற்கிறார்கள். தேதி உறுதி என்றால் மூன்றாவது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, காய்ச்சல் சளி என்று பயணம் தட்டிப்போகலாம் என்றால் இரண்டாவது. இந்தப் பகுப்பைப் புரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இறங்குகிற நாளில் மட்டும் ஜாக்கிரதை

மலிவாகக் கிடைக்கிறதே என்று விமானம் இறங்குகிற நாளுக்கு மட்டும் அந்த மாதிரி ஒரே வண்டிக்கான டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். விமானம் தாமதமானால், பெட்டி வரத் தாமதமானால், அந்த ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது. டிக்கெட் வீண். அப்புறம் அங்கேயே நின்றுகொண்டு முழு விலைக்கு வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளுக்கு, ஒரு முகவர் இப்படித்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, அவர் தூக்கக் கலக்கத்தோடு பெட்டி மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

இதற்கு வழி இருக்கிறது. ஜெர்மனிக்குப் பறக்கும் பல விமான நிறுவனங்கள் விமான டிக்கெட்டோடு ரயில் டிக்கெட்டையும் சேர்த்துத் தருகின்றன. 'ரயில் அண்ட் ஃப்ளை' என்று பெயர். அதில் குறிப்பிட்ட வண்டி என்ற கட்டாயம் கிடையாது. எது முதலில் வருகிறதோ அதில் ஏறலாம், மறுநாள்கூடப் போகலாம். எல்லா விமானத்திலும் இது இல்லை. ஆகவே விமான டிக்கெட் எடுக்கும்போதே, "ரயிலும் சேர்த்துக் கிடைக்குமா?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே தொலைதூர ரயில் நிலையம் இருப்பதால் இறங்கின இடத்திலேயே வண்டி பிடித்துவிடலாம். நான் போனது அப்படித்தான்.

மாதத்துக்கு ஒரே டிக்கெட்

போய்ச் சேர்ந்தாயிற்று. தினப்படி குழந்தை டாக்டர், காய்கறிக் கடை, பள்ளிக்கூடம் என்று அலைச்சல். ஊருக்குள்ளே ஒரு தடவை போய்வர ஆறு யூரோவுக்குக் குறையாது. கணக்குப் போடச் சுலபமாக யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், காய்கறி வாங்கிவர அறுநூறு ரூபாய் ரயில் செலவு. மனசு கேட்குமா?

அங்கே 2023 மே மாதத்திலிருந்து 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்று ஒன்று வந்திருக்கிறது. மாதச் சந்தா கட்டினால், நாடு முழுவதும் ஊருக்குள் ஓடும் ரயில், டிராம், பஸ், பக்கத்து ஊர்களுக்கு நின்று நின்று போகும் வட்டார ரயில் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயிலான ஐ.சி.இ. போன்றவற்றில் மட்டும் செல்லாது. ஆரம்பத்தில் 49 யூரோ. 2025-ல் நான் போனபோது 58. 2026 ஜனவரியில் 63 ஆக்கியிருக்கிறார்கள். நான் கட்டிய 58 யூரோவுக்கு, மாதத்தில் பத்து நாள் வெளியே போனாலே முதல் வந்துவிட்டது. நானோ குறைந்தது இருபது நாள் போனேன்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, இது முதல் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை செல்வது. நடு மாதத்தில் போய் இறங்கினால் பாதி மாதத்துக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இது தானாகவே அடுத்த மாதத்துக்கு நீளும் சந்தா. வேண்டாம் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் தாராசுரத்துக்குத் திரும்பி வந்த பிறகும் பணம் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஐந்து பேர் வரை சேர்ந்து ஒரு நாள் சுற்றி வர மாநிலத்துக்கு மாநிலம் ஒருநாள் டிக்கெட்டும் உண்டு. சாதாரண நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். குடும்பமாகப் போகும்போது இது மலிவு.

அம்பாளுக்குப் பட்டு கொண்டுபோன கணக்கு

ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரின் ஓரத்தில், ஊன்ட்ரோப் என்ற இடத்தில், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் முயற்சியில் எழும்பி, 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில். தங்கைக்குச் சுகப்பிரசவமானால் நம் தாராசுரத்தில் நெய்த பட்டை அம்பாளுக்குச் சாத்துவதாக வேண்டிக்கொண்டு, புடவையைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஜூன் கடைசியில் பெண் குழந்தை; இருவரும் நலம். வேண்டுதலை நிறைவேற்ற வேண்டுமே! ஸ்டுட்கார்ட்டிலிருந்து அது நெடுந்தூரம். தங்கையால் நகர முடியாது, மாப்பிள்ளைக்கு லீவு இல்லை.

அந்த வாரக் கடைசிக்கு விலை பார்த்தால் ஒரு வழிக்கே 90 யூரோ. போகவர 18,000 ரூபாய்! "அக்கா, பரவாயில்லை, போயிட்டு வா" என்றாள் தங்கை. எனக்கு மனசு வரவில்லை. என் மாத டிக்கெட்டில் வட்டார ரயிலிலேயே போனால் காசே ஆகாது; ஆனால் வண்டி மாறி மாறிப் பாதி நாளுக்கு மேல் ஆகும், கூட வரும் சின்னக் குழந்தைக்குத் தாங்காது. ஆகவே ஐந்து வாரம் தள்ளி, ஆகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தேன். அம்பாளுக்கும் உகந்த நாள், ரயிலுக்கும் உகந்த நாள். போக 23 யூரோ, வர 27. ஏழு வயதுக்காரிக்குக் காசே இல்லை. அங்கே ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். ஆறிலிருந்து பதினான்கு வரை பெரியவர்களோடு போனால் இலவசம். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே குழந்தையையும் அதில் சேர்த்துக் காட்டிவிட வேண்டும். ஹாம் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போன பஸ் என் மாத டிக்கெட்டிலேயே அடங்கிவிட்டது.

இன்னொன்று. அங்கே டிக்கெட் வேறு, உட்கார இடம் வேறு. ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு. கூட்டமில்லாத நேரத்தில் தேவையில்லை. குழந்தையோடு நீண்ட தூரம் போனால் எடுத்துவிடுவது நல்லது. குழந்தைகளோடு வருபவர்களுக்கென்றே ஐ.சி.இ. வண்டிகளில் தனி அறை உண்டு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அது பெரிய உதவி.

நாங்கள் இருவரும் தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போனோம். வண்டியில் வாங்கினால் காபிக்கே நம் ஊர் சாப்பாட்டு விலை.

தாமதமானால் உரிமை உண்டு

மலிவு டிக்கெட் எடுத்தவர்களுக்கு உரிமை ஒன்றும் கிடையாது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி, ரயில் 60 நிமிஷத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிஷத்துக்கு மேலானால் 50 சதவீதமும் நஷ்டஈடாகக் கேட்கலாம். ரயில் தாமதத்தால் அடுத்த வண்டியை விட்டுவிட்டால் அது உங்கள் குற்றமல்ல. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் அடுத்த வண்டியில் போகலாம். புயல், வெள்ளம் போன்ற அசாதாரண காரணங்களுக்கு மட்டும் நஷ்டஈடு இல்லை. டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

அதேபோல, ஜெர்மன் ஸ்டேஷன்களில் நம்மைத் தடுத்து டிக்கெட் கேட்கும் வாசல் கிடையாது. யாரும் கேட்கவில்லையே என்று ஏறிவிட்டால், உள்ளே சோதனையில் 60 யூரோ அபராதம்.

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் முன்கூட்டி எடுக்கும் டிக்கெட்டுகள் மலிவு. காலை ஆபீஸ் நேரம் கழிந்த பிறகு ஏறினால் அதிலும் சிக்கனம். 'ரயில்கார்டு' என்று வருஷத்துக்கு ஓர் அட்டை விற்கிறார்கள். அறுபது வயதானவர்களுக்கு ஒன்று, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து போக ஒன்று. 2025-ல் அட்டை 35 பவுண்ட். பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. நீண்ட பயணம் இரண்டு போனாலே அட்டைக் காசு திரும்பிவிடும்.

அங்கே இன்னொரு வேடிக்கை. நம் ரயிலில் தூரம் கூடக் கூட மைலுக்கு ஆகும் காசு குறையும். ஆகவே ஒரு பயணத்தை இரண்டு டிக்கெட்டாகப் பிரித்தால் நமக்குத்தான் நஷ்டம். இங்கிலாந்தில் பல தடங்களில், நடுவில் ஒரு ஸ்டேஷன் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று இரண்டாகப் பிரித்து எடுத்தால் மொத்த விலை குறைகிறது. வண்டியை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. அந்த வண்டி அந்த நடு ஸ்டேஷனில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இது சட்டப்படி சரியான வழியே.

ஸ்விட்சர்லாந்தில் பயணிகளுக்கென்றே ஒரு மாதத்துக்குப் பாதிக் கட்டண அட்டை உண்டு. அங்கே ரயில் விலை மிக அதிகம் என்பதால் இரண்டு மூன்று ஊர் போகிறவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் 'பாஸ்' என்றாலே மலிவு என்று மயங்கிவிடக் கூடாது. ஜப்பானில் அயல்நாட்டவருக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர முப்பதாயிரம் யென்னுக்குள் தனி டிக்கெட்டே கிடைக்கிறது. அது ஒன்றுக்காகப் பாஸ் வாங்கினால் நஷ்டம்தானே? போகிற ஊர்களைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் வாங்க வேண்டும்.

சிங்கப்பூரில் மகள் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2015 முதல் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் இடையே ஓடும் சிறு ரயிலில், சிங்கப்பூரிலிருந்து போக 5 சிங்கப்பூர் டாலர். அதே தூரம் திரும்பி வர 5 மலேசிய ரிங்கிட். எண் ஒன்றுதான், நாணயம் வேறு! டாலர் மதிப்பு ரிங்கிட்டைப் போல் மூன்று மடங்கு. ஆகவே போகும்போது பஸ், வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் உண்டு. அந்தத் தடத்தில் புதிய ரயிலும் வரப் போகிறது என்பதால் கிளம்புமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் டெல்டாவுக்கு மிக அருகே உள்ள அயல்நாட்டு ரயில் இலங்கை ரயில்தான். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. போரில் அழிந்த வடக்குத் தண்டவாளம் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்பியது; 2015-ல் காங்கேசன்துறையை எட்டியது. அங்கே வழக்கமான ரயில்களில் வகுப்புக்குத்தான் விலை, நாளுக்கு அல்ல. நம் ஊர் மாதிரியே. கப்பல் மட்டும் காற்று மழையைப் பொறுத்தது. ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே பெட்டி கட்டுங்கள்.

பணம் கட்டும்போது

எந்த நாடானாலும், அந்தந்த ரயில் நிறுவனத்தின் சொந்த இடத்திலேயே டிக்கெட் எடுங்கள். நடுவில் வருகிறவர்கள் தங்கள் கமிஷனைச் சேர்த்துவிடுவார்கள். கார்டு தேய்க்கும்போது, "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டு நாணயத்திலா?" என்று கேட்டால், அந்த நாட்டு நாணயம் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் பழகின எண்ணாகத் தெரியும். ஆனால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே வந்து குழப்பும். கைபேசியில் உள்ள டிக்கெட்டை ஒரு தாளிலும் அச்சடித்துக்கொண்டால், சார்ஜ் தீர்ந்தாலும் பயமில்லை.

என் நோட்டுக் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். மாத டிக்கெட் மூன்றுக்கு 174 யூரோ, ஹாம் போய்வந்தது 50. ஆக மொத்தம் 224. தினம் தினம் தனி டிக்கெட்டும், கோயிலுக்கு முதலில் பார்த்த விலையுமாகக் கொடுத்திருந்தால் 540 ஆகியிருக்கும். மிச்சமான முந்நூறு சொச்சத்தில் புதுக் குழந்தைக்கு வெள்ளிக் காப்பும் கொலுசும் வாங்கினேன். அதைவிடப் பெரிய லாபம், மூன்று மாதமும் யார் கையையும் எதிர்பாராமல் டாக்டரிடமும் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு உதவியாகத்தானே போகிறோம், பாரமாகவா போகிறோம்?

அயல்நாட்டு ரயிலில் நீங்கள் கண்ட சிக்கன வழி இருந்தால் எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்து பிரசவத்துக்குப் போகிற ஓர் அம்மாவுக்கு அது உதவட்டும்.